அம்மன் டைல் விழுந்த அன்று

இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமலே இந்தப் பத்திரிகைத் தொடரை முடித்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டது இது. பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். பயம் அம்மனிடத்தில் இல்லை. எங்கள் மதினி மனம் நோகுமே என்றுதான்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பேச்சியம்மாள் என்று பெயர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் சொல் ஒரு படி மேலேதான். அவரைப் பற்றி ஊர் சிரிக்கிற மாதிரி ஒரு வரி என் கையால் வரக்கூடாது என்று இருந்தேன். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் என் மகன் குமாருக்குப் பொள்ளாச்சியை அடுத்த சித்தூரில் பெண் எடுத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணம் பெண் வீட்டில் நடந்தது. முடிந்து வேனில் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மலை சுற்றி தேவிகுளம் வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நெல் வயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த பிள்ளை ரேவதி, எங்கள் மூடுபனியைப் பார்த்துச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

குச்சி எரிந்துகொண்டே இருந்தது

ஆரத்தி எடுத்தோம். வலது காலை வைத்து உள்ளே வந்தாள். வாசலில் மேளக்காரர்கள் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புது மருமகளைப் பூஜை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குத்துவிளக்கு முன்னால் நிறுத்தினேன்.

அந்த மூலை கல்யாணத்துக்காகவே செய்தது. மாரியம்மன் படத்தை அப்படியே அச்சடித்த பெரிய டைல் ஒன்றைப் போடியில் சொல்லிச் செய்து வாங்கிச் சுவரில் பதித்திருந்தோம். இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடியும். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அம்மன் மூக்குத்தி கூட மின்னும்.

ரேவதி தீக்குச்சியை உரசினாள். அது பற்றியது. திரிக்குக் கொண்டு போகும்போது சுவரில் ‘சொர்ர்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டைல் மேல் பக்கமாகப் பிரிந்து, முன்னால் சாய்ந்து, விளக்குக்கும் அவளுக்கும் நடுவே விழுந்து உடைந்தது.

மேளம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை கையில் குச்சி எரிந்துகொண்டே இருக்கிறது. அணைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

மதினிதான் முதலில் வாயைத் திறந்தார். “ஆத்தா… வந்த கால்லயே இறங்கிட்டியே ஆத்தா!”

அந்த ஒரு வார்த்தை போதும். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கோ குச்சி அவள் விரலை நெருங்குவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துத் திரியில் கொண்டுபோய் வைத்தேன்.

“ஏத்தும்மா. சுவத்தப் பாத்து ஏத்து. அம்மன் டைல்லயா குடியிருக்கா?” என்றேன்.

விளக்கு எரிந்தது. யாரும் குலவை போடவில்லை.

சிமெண்ட் பாலும் மஞ்சள் எண்ணெயும்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தவரைக்கும் அம்மன் ஆணியில் தொங்கினாள். மழைக்காலத்தில் சுவர் வேர்த்து ஒழுகும். படத்துக்குள்ளே பூஞ்சைக் காளான் பூத்துவிடும். அம்மன் முகம் மறைய மறைய வேறு படம் வாங்கி மாட்டுவோம். அதனால்தான் சொந்த வீடு கட்டியபோது, நனைந்தாலும் அழியாத அம்மன் வேண்டும் என்று எனக்கு ஆசை. டைல் வாங்கச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

எங்கள் கொத்தனார் பால்ராஜ் நல்ல வேலைக்காரர். வீட்டுத் தரை முழுக்க அவர் போட்டதுதான். மணல் சிமெண்ட் கலவை விரித்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்து மரச் சுத்தியலால் தட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் ஒன்று அசையாது. தரையில் நின்றது சுவரிலும் நிற்கும் என்று அதே சிமெண்ட் பாலைத்தான் அம்மனுக்கும் குழைத்தார். எங்களுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

பதிக்கிற அன்று காலையில் மதினி வந்து நின்றார். “ஏட்டி, அம்மன சும்மாவா சுவத்துல ஏத்துவீக? அபிசேகம் பண்ண வேண்டாமா?”

வாசலில் பலகை போட்டு டைலைச் சாய்த்து வைத்தோம். நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, தலையிலிருந்து கால் வரைக்கும் மதினி பூசினார். அப்புறம் பால், பன்னீர், தண்ணீர். கண்ணில் நீர் வழிய, “என் தம்பி வீட்டுல நிலைச்சு நில்லு தாயே” என்று வேண்டினார். நானும் கும்பிட்டேன். பால்ராஜ் கூடத் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார். பிறகு ஈரத்தை முன்பக்கம் ஒரு துணியால் ஒற்றி, அப்படியே எடுத்துக் கொடுத்தோம்.

முன்பக்கம் மட்டும்தான் துடைத்தோம். அம்மனுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் நினைவில்லை.

பின்பக்கம்

கல்யாண வீட்டுக் கூட்டம் கலைந்த மறுநாள் மதினி தீர்மானமாகச் சொன்னார்.

“பிள்ள மறுவீடு போயிட்டு வரட்டும். போன எடத்துல கொஞ்ச நாள் இருக்கட்டும். கீழருந்து கோடாங்கிய வரவழைச்சு ஒரு குறி கேட்டுருவோம். அதுவரைக்கும் அவ வெளக்குத் தொட வேண்டாம்.”

என் வீட்டுக்காரர் அக்கா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆடு கட்டப் போய்விட்டார். குமார் எதிர்த்துப் பேசப் போனான். நான்தான் கண்ணால் அடக்கினேன். மகன் பேசினால் அது பெண்டாட்டி பேச்சாகிவிடும்.

ரேவதி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

“ஏனுங்க அத்தை, மறுவீட்டுக்குப் போனேன்னா, திரும்பக் கூப்புட வருவீங்களா?”

அழவில்லை. பஸ் நேரம் கேட்பதுபோலக் கேட்டாள். அதுதான் என்னை என்னமோ செய்தது.

“இந்த அம்மன இந்தச் சுவத்துல ஏத்திட்டுத்தான் உனக்கு மறுவீடு. நீதான் வெளக்கு ஏத்துத. அப்புறந்தான் உங்க ஊருக்கு வண்டி” என்றேன்.

உடைந்த அம்மனை அப்படியே போட்டு வைக்கக்கூடாது. ஆற்றில் விடுவதற்காகத் துண்டுகளை மஞ்சள் துணியில் எடுத்து வைத்தேன். ஒரு துண்டைத் திருப்பிப் பிடித்தபோது மூக்கில் வாசம் அடித்தது. நல்லெண்ணெய் வாசம். பின்பக்கம் முழுக்க மஞ்சள் திட்டுத் திட்டாக வழிந்து காய்ந்திருந்தது. ஒரு பொட்டு சிமெண்ட் கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. விரலால் தேய்த்தேன், வழுக்கியது.

சுவரைப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் அங்கே அப்படியே நிற்கிறது. டைலின் முதுகிலிருந்த கோடுகள் எல்லாம் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. பிடித்த மாதிரி இருந்து பிடிக்காமலே இருந்திருக்கிறது. அதுவும் நாலைந்து இடத்தில் உருண்டை உருண்டையாகத்தான் வைத்திருந்தார். நடுவெல்லாம் பொள்ளல். கலவை காய்ந்து சுருங்க, மேளம் அதிர, கனம் தாங்காமல் வந்துவிட்டது.

அம்மன் இறங்கவில்லை. வழுக்கி விழுந்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதை மதினியிடம் எப்படிச் சொல்வது? உங்கள் பக்திதான் தள்ளிவிட்டது என்றா?

சொல்லிப் பார்த்தேன். மதினி எரிந்து விழுந்தார். “அம்மனுக்கு எண்ண சாத்துனது குத்தமா? மருமக வந்ததும் நாத்திகம் பேச ஆரம்பிச்சுட்டியாட்டி?”

“முன்னால சாத்துனதுல குத்தமில்ல மதினி. பின்னால வழிஞ்சதத்தான் சொல்லுதேன்.”

“பெரிய இன்ஜினியரு!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்தூரிலிருந்து சம்பந்தி போன் செய்தார். மறுவீடு தள்ளிப் போகிறதே என்று அவருக்குக் கவலை. “ஏனுங்க சம்பந்தியம்மா, எம் புள்ளைகிட்ட ஏதாச்சும் கொறைங்களா?”

“கொற எங்க சுவத்துல இருக்கு சம்பந்தி. அதச் சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாரோம்” என்றேன்.

கடைக்காரரின் கேள்விகள்

போடிக்குச் சொல்லி அதே படத்தில் இன்னொரு டைல் செய்யச் சொன்னோம். அது வருவதற்குள் எதை வைத்து ஒட்டுவது என்று நான் கண்டுபிடித்தாக வேண்டும். ரேவதியை அழைத்துக்கொண்டு கட்டிடச் சாமான் கடைக்குப் போனேன். எனக்கு எட்டாவது வரை எஸ்டேட் பள்ளிக்கூடத் தமிழ்தான். மூட்டையில் எழுதியிருப்பதெல்லாம் மலையாளமும் இங்கிலீஷும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள், இரண்டும் படிப்பாள்.

கடைக்காரர் மலையாளி. எங்களோடு பேசிப் பேசித் தமிழும் அவர் வாயில் வேறு மாதிரி ஆகிவிட்டது. “டைல் ஒட்டுற கம் குடுங்க” என்றேன்.

“எந்த கம் சேச்சி? தரைக்கா, சுவத்துக்கா? அது மொதல்ல பறயணும்.”

“சுவத்துக்கு.”

“டைல் எது மாதிரி? தண்ணி குடிக்குமா, குடிக்காதா?”

எனக்குப் புரியவில்லை. ரேவதிதான் பையிலிருந்து உடைந்த துண்டை எடுத்தாள். பின்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். கடைக்காரர் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்தாக அப்படியே நின்றது. பக்கத்தில் கிடந்த பழைய குளியலறை டைல் துண்டில் ஒரு சொட்டு விட்டார். அது உறிஞ்சிக்கொண்டது.

“கண்டோ? குடிக்கிற டைலுக்கு சிமெண்ட் பாலு மதி, அது போதும். பால அது உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும். இது குடிக்காத ஜாதி. சிமெண்ட் பால் மேல சும்மா இருக்கும், அவ்வளவே உள்ளு.”

பிறகு அவர் கேட்டுக்கொண்டே போனார். டைல் எவ்வளவு பெரிசு? சுவர் பூச்சா, பெயிண்ட் அடித்ததா? தண்ணீர் படுமா? விளக்குச் சூடு படுமா? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது கூட நாங்கள் இத்தனை கேட்கவில்லை. ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

விலை குறைந்த மூட்டை ஒன்று இருந்தது. அதில் எழுதியிருந்ததை அவள் விரல் வைத்துப் படித்தாள். “இது சின்ன டைலுக்கு, அதும் தண்ணி குடிக்கறதுக்குத்தான் போட்டிருக்குதுங்க அத்தை. நம்மளுக்கு ஆகாதுங்க. இந்தா, இந்த மூட்டையில பெரிய டைலு, சுவரு, ஈரம் எல்லாத்துக்கும்னு எழுதியிருக்குது. பிடிப்புக்கு என்னமோ பால் மாதிரி மருந்து சேர்த்திருக்குதாமா.”

கடைக்காரர் தலையாட்டினார். “மோளு செரியா படிச்சு. தரையில டைலோட கனமே அத அமுக்கி வைக்கும். சுவத்துல அதே கனம் கீழ இழுக்கும். அதுனால சுவத்துக்குப் பிடிப்பு கூடுதல் வேணும்.”

இந்த ஒரு வரியை நான் மறக்கவே இல்லை. நீங்களும் டைல் ஒட்டப் போகிறீர்கள் என்றால், கடையில் போய் “நல்ல கம் குடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன டைல், எந்தச் சுவர், எவ்வளவு ஈரம் என்று சொல்லிக் கேளுங்கள்.

மதினி இழுத்த இழுப்பு

மூட்டை வந்துவிட்டது. பால்ராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. “சிமெண்டுல ஒட்டாததா இந்த மாவுல ஒட்டப் போகுது? என் பேரக் கெடுக்காதீகக்கா.”

“உங்க கைதான் ஒட்டப் போகுது. மாவு கூட மாட உதவிக்கு” என்றேன். சிரித்துவிட்டார்.

மதினிக்கோ கோடாங்கிதான் முடிவு. ‘சொன்னால் கேட்கமாட்டார். அவர் கையாலேயே பார்க்கட்டும்’ என்று முடிவு செய்தேன். தண்ணீர் குடிக்காத ஜாதியில் சில்லறை டைல் கொஞ்சம் மீதி கிடந்தது. கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே, சுவரில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, மூன்றை ஒட்டச் சொன்னேன். ஒன்று, பின்னால் எண்ணெய் தடவி, சிமெண்ட் பாலில். இன்னொன்று, சுத்தமாகத் துடைத்து, சிமெண்ட் பாலில். மூன்றாவது, சுத்தமாகத் துடைத்து, புது மாவில்.

மலைக்குளிரில் எதுவும் சீக்கிரம் காயாது. பொறுத்திருந்தோம். அதற்குள் கோடாங்கி வருகிற நாளும் நெருங்கிவிட்டது. நாளுக்கு இரண்டு தடவை கொல்லைக்குப் போய் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றும் விழுந்தால்? மூன்றும் நின்றால்? விளக்கேற்றும்போது வெறும் சுவரைப் பார்த்து அம்மனிடமே கேட்டேன்: “உன் பேரச் சொல்லி ஒரு பிள்ளைய ஒதுக்கப் பாக்காங்க. நீதான் நிக்கணும்.”

காய்ந்தபின் ஒரு காலையில் மதினியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியைக் கையில் கொடுத்தேன்.

“எதுக்குட்டி இது?”

“நெம்புங்க மதினி. உங்க பலத்துக்கு நெம்புங்க.”

முதல் டைலுக்குக் கத்தியே வேண்டியிருக்கவில்லை. விளிம்பில் நகத்தைக் கொடுத்தார், தோசை மாதிரிக் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதைக் கத்தியால் நெம்பி ஒரு தட்டு தட்டினார், அதுவும் வந்துவிட்டது. மூன்றாவதில் கத்தியைக் கொடுத்தார். வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி நெம்பினார். மூலையில் ஒரு சில்லு தெறித்தது. மீதி அசையவில்லை.

“விழுந்து கிழுந்து வைக்காதக்கா” என்றார் என் வீட்டுக்காரர்.

“சும்மா கெடடா!”

இன்னொரு தடவை நெம்பினார். கத்தி முனை ஒடிந்ததுதான் மிச்சம். மூச்சு வாங்க நின்றவர், கீழே கிடந்த முதல் டைலை எடுத்துத் திருப்பினார். மூக்கில் வைத்து முகர்ந்தார்.

“என் எண்ணதானாட்டி?” என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

ரேவதிதான் சொன்னாள். “எண்ணெ மட்டும் இல்லீங்க பெரியம்மா. துடைச்சிருந்தாலும் ரண்டாவது விழுந்துதானுங்களே? சிமெண்டுப் பாலும் தப்புத்தானுங்க.”

மதினி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவளைக் குற்றம் சொன்னவருக்கே அந்தப் பிள்ளை குற்றத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிறாள்.

மதினி கத்தியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கோடாங்கிக்கு வரவேண்டாம் என்று அவர் போனில் சொல்வது வெளியே கேட்டது.

அம்மன் முதுகு

புது டைல் வந்தது. பால்ராஜ் சுவரில் பழைய சிமெண்டையும் பெயிண்டையும் கொத்தி எடுத்துச் சொரசொரப்பாக்கினார். மூட்டையில் உள்ளபடி ரேவதி படிக்கப் படிக்க அவர் செய்தார். முதலில் வாளியில் தண்ணீர், அப்புறம் மாவு. கட்டியில்லாமல் கலக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி கலக்க வேண்டும். இறுகிவிட்டால் தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது. பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்கச் சீப்பு வாரினது மாதிரி இழுக்க வேண்டும், உருண்டை வைக்கக் கூடாது.

டைலை எடுக்கப் போனேன். மதினி தடுத்தார்.

மடியில் துண்டு விரித்து, அம்மன் முகம் கீழே இருக்கும்படி கிடத்திக்கொண்டார். சோப்புத் தண்ணீர் தொட்டு முதுகு முழுக்கத் தேய்த்தார். நல்ல தண்ணீரில் கழுவினார். உலர்ந்த துணியால் ஒரு மூலை விடாமல் துடைத்தார். சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல இருந்தது. அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. அன்று எண்ணெய் பூசும்போது சொன்ன அதே வேண்டுதல்தான்.

“இதுவும் அபிசேகந்தானே?” என்று என்னைக் கேட்டார்.

“இதுதான் மதினி அபிசேகம்” என்றேன்.

பால்ராஜ் டைலின் முதுகிலும் மெல்லிசாக மாவை இழுத்து, சுவரில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை கழற்றித் திருப்பிக் காட்டினார். முதுகு முழுக்க மாவு பிடித்திருந்தது, பொள்ளல் இல்லை. மறுபடி வைத்து, அடியில் மரச்சட்டம் முட்டுக் கொடுத்தார். அது இறுகும்வரை அந்தப் பக்கம் யாரையும் போகவிடாமல் மதினியே காவல் இருந்தார்.

முட்டுச் சட்டத்தை எடுத்த நாளில் மேளக்காரர்களைத் திரும்ப வரச் சொன்னேன். “எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர். “அன்னைக்கு அடிச்சதவிட ஓங்கி அடிக்கச் சொல்லுங்க” என்றேன்.

அடித்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. அன்று நின்ற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் தீப்பெட்டியைத் தேடினேன். அது மதினி கையில் இருந்தது. அவர் ரேவதியின் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்து மூடினார்.

“ஏத்துத்தாயி” என்றார்.

குச்சியை உரசினாள். திரி பற்றியது. மூக்குத்தி மின்னியது. அம்மன் நின்றாள். முதல் குலவை மதினியுடையது.

நீங்கள் சொல்லும்போது

இன்றுவரை அந்த டைல் அசையவில்லை. ஆனால் கதைதான் நிலையாக நிற்கவில்லை. பெண்ணின் கால் ராசியில் அம்மன் விழுந்தாள் என்று கொஞ்ச நாள் ஒரு கதை. அவள் விரதம் இருந்து அம்மனைத் திரும்ப ஏற்றினாள் என்று பிறகு ஒரு கதை. இப்போது வருகிறவர்கள் ரேவதி கையால் திருநீறு கேட்கிறார்கள். போன மாதம் ஒருத்தி அப்படிக் கேட்டுவிட்டுப் போனதும் மதினி என்னைக் கூப்பிட்டார்.

“பத்திரிகையில என்னென்னமோ எழுதுதியே, இத எழுதுட்டி. என் எண்ணயையும் சேத்து எழுது. இல்லன்னா இந்தப் பிள்ளைய ஒண்ணு பேயாக்குவாக, இல்லன்னா சாமியாக்குவாக. ரெண்டும் பாவம். அது பாட்டுக்கு நம்ம வீட்டுப் பிள்ளையா இருக்கட்டும்.”

அதனால்தான் எழுதினேன். அம்மனை நம்புகிறவள் நான், கடைசி மூச்சுவரை நம்புவேன். அதனாலேயே கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி சொல்லுங்கள். டைல் விழுந்ததும் அந்தப் பிள்ளையால் இல்லை, நின்றதும் அந்தப் பிள்ளையால் இல்லை. தண்ணீர் குடிக்காத டைலுக்கு அதற்கான மாவு வாங்கினோம். சுவரைக் கொத்தினோம். வேறு எதை மறந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்: ஒட்டுவதற்கு முன்னால், எங்கள் மதினி அம்மனின் முதுகைத் துடைத்தார்.